பெரிய பில்லுக்கு மௌனம், சிறிய கூலிக்குப் பேரம்



உறவினர் வீட்டு வலீமா ஒன்றுக்காகச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குக் குடும்பத்துடன் காரில் சென்றோம். போகும் வழியில் ஒரு குறையும் இல்லை. மாலையில் திரும்பும்போது, சுற்றுலாப் பயணிகளின் வாகனங்கள் நிறைந்த மாமல்லபுரச் சாலையில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தது. அப்போது இன்ஜினின் வெப்பத்தைக் காட்டும் முள் மளமளவென்று ஏறியது. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அரை மணி நேரம் காத்திருந்து, மக்ரிபைப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, மெல்ல வீடு வந்து சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ், வழியில் வேறு தொல்லை நேரவில்லை.

மறுநாள் வண்டியை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். குளிரூட்டப்பட்ட அறையில் அமரவைத்துத் தேநீர் கொடுத்தனர். இரண்டு மணி நேரம் கழித்து ஓர் எஸ்டிமேட் வந்தது. ரேடியேட்டர் விசிறி முழுத் தொகுதி, அதனோடு முன்னெச்சரிக்கையாக ரேடியேட்டர், குழாய்கள், கூலன்ட், வேலைக்கூலி, வரி எல்லாம் சேர்த்து 46,800 ரூபாய். ஏழு வயதான வண்டிக்கு இத்தனை பணமா என்று நெஞ்சு அதிர்ந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்றோம். அப்படியானால் பரிசோதனைக் கட்டணம் மட்டும் செலுத்துங்கள் என்றனர். ஆயிரம் ரூபாயும் 18 விழுக்காடு வரியும் சேர்த்து 1,180 ரூபாய். வாய் திறவாமல் செலுத்திவிட்டு வந்தோம்.

பிறகு நம் முஹல்லாவுக்கு அருகில், தகரக் கூரையின் கீழ் இயங்கும் பட்டறைக்குச் சென்றோம். அந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜினை ஓடவிட்டு, விசிறி சுழலவில்லை என்பதைக் கண்டார். விசிறிக்குச் செல்லும் மின்கம்பியின் கனெக்டரைக் கழற்றி நம் கையில் கொடுத்தார். அதன் உள்ளே பச்சை பூத்து, பாதி முனை அரித்துப் போயிருந்தது. "பாய், விசிறி நல்லா இருக்கு, ரேடியேட்டரும் நல்லா இருக்கு. கரண்ட் தான் போய்ச் சேரல" என்றார். கனெக்டரையும் ஒரு ரிலேயையும் மாற்றி, ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். முள் அசையவில்லை. சாமான் 650, கூலி 900, ஆக 1,550 ரூபாய் என்றார்.

இதற்குப் பிறகு நாம் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆயினும் இக்கட்டுரையின் நோக்கமே அதுதான் என்பதால் எழுதுகிறோம். "ஒரு மணி நேர வேலைக்குத் தொள்ளாயிரமா? பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி 1,200 ரூபாயை நீட்டினோம். அவர் ஒரு கணம் பணத்தைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில், உடன் வந்திருந்த மகன் கேட்டான்: "அத்தா, நேத்து அந்தப் பெரிய இடத்துல ஏன் குறைச்சுக் கேக்கல?"

நம்மிடம் பதில் இல்லை. பழுதைப் பார்த்துச் சொன்னதற்கு மட்டும் 1,180 ரூபாய் கேட்ட இடத்தில் மௌனமாக இருந்தோம். பழுதைக் கண்டுபிடித்து, நீக்கியும் கொடுத்தவரின் கூலியில் 350 ரூபாயைப் பிடித்தம் செய்தோம். முதல் இடத்தில் கேள்வி கேட்கும் துணிவு இல்லை. இரண்டாம் இடத்தில் உரியதைக் கொடுக்கும் மனம் இல்லை. கார் பழுதுச் செலவு கட்டுக்கடங்காமல் போய்விட்டது என்று நம் குடும்பங்கள் புலம்பாத நாளில்லை. அப்புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் அச்செலவு எங்கிருந்து வருகிறது, அதில் நம் பங்கு என்ன என்பதை நாம் சிந்திப்பதில்லை.

செலவு ஏன் உயர்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். அந்த சர்வீஸ் சென்டரின் ஊழியர்கள் நம்மை ஏமாற்றினார்கள் என்று நாம் கூறவில்லை. அவர்களுடைய கணினி, விசிறியின் மின்சுற்றில் கோளாறு என்று காட்டியிருக்கிறது. நிறுவனத்தின் உதிரிபாகப் பட்டியலில் அந்தச் சிறிய கனெக்டர் தனியாக இல்லை. விசிறித் தொகுதி முழுமையாகத்தான் இருக்கிறது. பட்டியலில் இல்லாததை அவர்கள் மாற்ற முடியாது. அரித்த முனையைச் சுரண்டி வேறு கனெக்டர் பொருத்துவதற்கு அங்கே அனுமதியும் இல்லை, அப்படிச் செய்த வேலைக்கு உத்தரவாதம் தரவும் இயலாது. ஆகவே கைவிரல் நுனி அளவுள்ள பாகம் கெட்டால், கைப்பெட்டி அளவுள்ள தொகுதி மாறுகிறது.

இன்றைய வாகனங்களில் பல பாகங்கள் இவ்வாறு தொகுதிகளாகவே விற்கப்படுகின்றன. முகப்பு விளக்கின் ஒரு பிடி உடைந்தால் முழு விளக்கு. கண்ணாடியின் மடக்கும் மோட்டார் நின்றால் முழுக் கண்ணாடித் தொகுதி. இதனோடு பெரிய கட்டடத்தின் வாடகை, கருவிகளின் விலை, பயிற்சி பெற்ற ஊழியர்களின் சம்பளம் ஆகியவை வேலைக்கூலியில் ஏறுகின்றன. இவை நியாயமான செலவுகளே. ஆனால் அவற்றுக்கு மேல், த்ராட்டில் சுத்தம், ஏ.சி. கிருமிநீக்கம், அடிப்பாகப் பூச்சு என்று கேட்காமலேயே சேர்க்கப்படும் வரிகளும் எஸ்டிமேட்டில் இடம்பெறுவதுண்டு. இவற்றில் சில தேவையானவை, சில தேவையற்றவை. எது எது என்று கேட்டால்தான் தெரியும்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. கார் நிறுவனங்கள் தம் வாகனத்தின் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்டீயரிங் பாகங்கள், விளக்குகள் எனப் பலவற்றை வேறு நிறுவனங்கள் செய்து தருகின்றன. சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா போன்றவை இத்தொழிலில் பல பத்தாண்டுகளாக இருப்பவை. ஒரே கைகள் செய்த ஒரே பாகம், கார் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பெட்டியில் ஒரு விலையும், செய்தவரின் பெயர் அச்சிட்ட பெட்டியில் வேறு விலையுமாக விற்கப்படுவது வாடிக்கை. அந்த இரண்டாவது பெட்டி கடைக்கு வரவே கூடாது என்று ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும்? வாங்குபவருக்கு வேறு வழி இருக்காது. கேட்ட விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

போட்டி ஆணையம் சொன்ன தீர்ப்பு

இது வெறும் கற்பனையன்று. 2011ஆம் ஆண்டு நுகர்வோர் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டார். தம் உதிரிபாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் கார் நிறுவனங்கள் தடுக்கின்றன என்பது அவரது முறையீடு. முதலில் மூன்று நிறுவனங்கள் மீது தொடங்கிய விசாரணை, பின்னர் பிற நிறுவனங்களுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் தீர்ப்பளித்தது. 14 கார் நிறுவனங்கள் குற்றம் புரிந்தவையாகக் காணப்பட்டு, அவற்றின் சராசரி வருவாயில் 2 விழுக்காடு என்ற கணக்கில் மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது.

அப்பட்டியலில் மாருதி சுசுகி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஹோண்டா ஆகியவற்றோடு ஃபோர்டு, பி.எம்.டபிள்யூ., நிசான் ஆகியவையும் இருந்தன. இக்கடைசி மூன்று பெயர்களும் நம் பகுதி மக்களுக்கு நெருக்கமானவை. ஃபோர்டின் தொழிற்சாலை மறைமலைநகரில், பி.எம்.டபிள்யூ.வின் தொழிற்சாலை செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில். நிசான் வண்டிகள் உருவானது அண்டையிலுள்ள ஒரகடத்தில். நம் பிள்ளைகள் பலர் இத்தொழிற்சாலைகளிலும், அவற்றுக்குப் பாகம் செய்து தரும் ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள். கார்கள் பிறக்கும் மண்ணில் வாழ்ந்துகொண்டே, ஒரு காரைப் பழுது பார்க்க வழியின்றி நிற்கிறோம்.

அபராதத் தொகை குறித்த வழக்குகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் சென்று நீண்டன. அது சட்ட வல்லுநர்களின் பாடு. நம் போன்ற குடும்பத்தார் மனத்தில் இருத்த வேண்டியது அபராதத்தை அன்று, அத்தீர்ப்பில் ஆணையம் வகுத்த நெறியை. உதிரிபாகங்களும் கருவிகளும் கையேடுகளும் வெளிப்பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் வாரண்டியை ரத்து செய்யலாகாது. வெளியில் செய்த தவறான வேலையால்தான் சேதம் நேர்ந்தது என்றால், அச்சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம்.

இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? "வெளியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு அஞ்சி, பிரேக் பேடு மாற்றுவதற்கும் வைப்பர் மாற்றுவதற்கும் கூட நிறுவன நிலையத்துக்கே ஓடுகிறோம். அடுத்த முறை அச்சொல்லைக் கேட்டால், "எந்தப் பாகத்துக்கு, எந்த விதியின் கீழ்? எழுத்தில் தாருங்கள்" என்று பணிவோடு கேட்போம்.

இது உலகெங்கும் நடக்கும் வழக்கு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு மக்களே பெருவாரியாக வாக்களித்து, பழுது பார்க்கும் தகவல்களைக் கார் நிறுவனங்கள் வெளிப்பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று முடிவு செய்தனர். நம் நாட்டிலும் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் இதற்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் 'பழுது நீக்கும் உரிமை' குறித்த இணையதளத்தைத் தொடங்கியது. அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட நான்கு துறைகளுள் வாகனமும் ஒன்று.

2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்த நாளை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். மறைமலைநகர்த் தொழிலாளர் குடும்பங்களின் கண்ணீர் ஒருபுறம். மறுபுறம், அந்நிறுவனத்தின் வண்டியை வைத்திருந்தோர், இனி உதிரிபாகம் கிடைக்குமா என்று கலங்கினர். பாகங்களும் சேவையும் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது. ஆயினும் அக்கலக்கம் ஓர் உண்மையை உணர்த்தியது. ஒரு வண்டியின் பாகமும் அதைப் பழுது பார்க்கும் அறிவும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தால், பணம் கொடுத்து வாங்கியவர் அவ்வண்டிக்கு முழு உரிமையாளர் ஆவதில்லை.

சந்தையும் மார்க்கமும்

இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். மார்க்கம் பள்ளிவாசலுக்குள் மட்டும் தங்கியிருப்பதில்லை. சந்தையிலும் நம்மோடு நடக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தபோது, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு, ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வணிகரைக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. காரின் பானெட்டுக்குள் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாத ஈரம். அதைத் திறந்து, இது கெட்டிருக்கிறது, இது கெடவில்லை என்று உள்ளபடி சொல்பவர், தெரிந்தோ தெரியாமலோ அந்த நபிவழியைப் பேணுகிறார். கழற்றிய கனெக்டரை நம் கையில் கொடுத்த மெக்கானிக் அண்ணன் செய்தது அதுதான்.

விலை உயர்ந்த ஒரு காலத்தில், விலையை நிர்ணயம் செய்யுமாறு தோழர்கள் வேண்டியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை என்பதும், எவருக்கும் அநீதி இழைத்தவராக அல்லாஹ்வைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை என்பதும் அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ள செய்தி. அப்படியானால் யாரும் எவ்விலையும் சொல்லலாமா? இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் ஹிஸ்பா பற்றிய தம் நூலில் இதற்கு விடை தருகிறார்கள். பொருள் அருகியோ, வாங்குவோர் பெருகியோ இயல்பாக விலை ஏறினால் அது வேறு. ஒரு பொருளைக் குறிப்பிட்ட சிலர் மட்டுமே விற்கலாம், வேறெவரும் விற்கலாகாது என்று கட்டுப்படுத்தி வைத்திருந்தால் அது வேறு. இரண்டாவது நிலையில் நியாய விலையைக் கட்டாயப்படுத்துவது ஆட்சியாளரின் கடமை என்பது அவர்கள் கருத்து. அவர்கள் காலமாகி ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன. உதிரிபாகச் சந்தையைப் பற்றிப் போட்டி ஆணையம் 2014இல் கேட்ட கேள்வியின் சாரமும் இதுவே அல்லவா!

இதுவரை சொன்னவை பிறரைப் பற்றியவை. இனி நம்மைப் பற்றி. திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம், பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, தாம் அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரைக் கடுமையாகக் கண்டிக்கிறது. இவ்வசனங்களை ஓதும்போதெல்லாம் தராசும் படியும் வைத்திருக்கும் வணிகரே நம் நினைவுக்கு வருவார். பட்டறையில் நின்று, முழு வேலையையும் வாங்கிக்கொண்டு, கூலியைக் குறைத்துக் கொடுத்த நம் கையும் ஒரு தராசுதான் என்பது மகன் கேட்ட பிறகே உறைத்தது. கூலிக்கு ஆள் வைத்து, வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸீ ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. முழுக் கூலியை மறுத்தவருக்கே அந்நிலை என்றால், கூலியில் ஒரு பகுதியைப் பிடித்தவர் அஞ்ச வேண்டாமா?

பேரம் பேசுவது ஹராம் அன்று. வேலைக்கு முன்பே விலை பேசி, இருவரும் மனமொப்பி முடிவு செய்வது நல்ல பழக்கம். நாம் செய்தது அதுவன்று. வேலை முடிந்து, வண்டி நம் கைக்கு வந்த பிறகு, எதிரிலிருப்பவர் மறுத்துப் பேச மாட்டார் என்று தெரிந்துகொண்டு குறைத்தோம். விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் பெருந்தன்மையோடு நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருள் வேண்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துஆ செய்தது நம் நினைவுக்கு அப்போது வரவில்லை.

வெளிப்பட்டறைகளின் குறைகள்

எல்லாப் பட்டறைகளும் நல்லவை என்று சொல்லவும் முடியாது. பில் தராமை, போலிப் பாகங்களைப் பொருத்துதல், தெரியாத வேலையைத் தெரிந்ததாகக் காட்டுதல், சொன்ன நாளில் வண்டியைத் தராமை ஆகிய குறைகள் நம்மவர் நடத்தும் பட்டறைகளிலும் உண்டு. காற்றுப்பை, ஏ.பி.எஸ்., மின்சார வாகனங்களின் உயர் அழுத்த பேட்டரி போன்றவற்றில் பயிற்சியற்றவர் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. அவற்றுக்கு உரிய கருவியும் பயிற்சியும் உள்ள இடத்துக்கே செல்ல வேண்டும். செலவு அதிகமானாலும் அதில் சிக்கனம் பார்க்கலாகாது. உயிரைப் பேணுவது மார்க்கக் கடமை.

பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும், புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சென்னையில் பெயர் பெற்றவை. அங்கே நல்ல பொருளும் கிடைக்கும், போலியும் கிடைக்கும். பழைய கதவையோ கண்ணாடியையோ வாங்கிப் பொருத்துவதில் தவறில்லை. பழைய பிரேக் பாகத்தையோ, பெயர் தெரியாத நிறுவனத்தின் பிரேக் பேடையோ பொருத்தி நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது, குடும்பத்தையே பணயம் வைப்பதாகும்.

பட்டறை நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலையைத் தொடங்கும் முன் தோராயச் செலவை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாகத்தின் விலையையும் கூலியையும் தனித்தனியாகக் காட்டுங்கள். பாகத்தின் விலைக்குள் கூலியை மறைத்தால்தான் வாடிக்கையாளர் கேள்வி கேட்க மாட்டார் என்ற நிலைக்கு உங்களைத் தள்ளியது எங்களைப் போன்றோரின் பேரமே என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் உண்மையைச் சொல்லிக் குறையைத் தெளிவுபடுத்தும் வணிகத்திலேயே பரக்கத் உண்டு என்பது நபிமொழியின் கருத்து. கழற்றிய பழைய பாகத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்பு உயருமே தவிரக் குறையாது.

உப்புக்காற்றில் ஓடும் வண்டி

நம் வண்டியின் கனெக்டர் பச்சை பூத்ததற்கும் காரணம் உண்டு. முதல் நான்கு ஆண்டுகள் அவ்வண்டி கோவளத்தில், கடலுக்கு அருகில் நின்றது. கோவளம் முதல் மாமல்லபுரம் வழியாகக் கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வாழ்வோர் இதை அறிவார்கள். உப்பும் ஈரமும் கலந்த காற்று, செம்பையும் இரும்பையும் மெல்ல அரிக்கிறது. ஏ.சி. கன்டென்சர், பிரேக் டிஸ்க், பேட்டரி முனைகள், எர்த் கம்பி, சைலன்ஸர் ஆகியவை முதலில் பாதிக்கப்படுகின்றன.

மாதம் இருமுறை வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுதல், கடற்கரை மணலில் ஓட்டியிருந்தால் அன்றே கழுவுதல், மழைக்காலத்துக்கு முன் மின் இணைப்புகளைச் சோதிக்கச் சொல்லுதல், பேட்டரி முனைகளில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுதல் ஆகிய சிறு வேலைகள் பின்னாளில் ஆயிரக்கணக்கில் மிச்சப்படுத்தும். மழை வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தால், எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பக் கூடாது. தண்ணீர் புகுந்த இன்ஜினை இயக்கினால் உள்ளிருக்கும் பாகங்கள் வளைந்து உடையும். அதற்குரிய கூடுதல் காப்பு இல்லாத சாதாரணக் காப்பீட்டில் அச்சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. கயிறு கட்டி இழுத்து வருவதே அறிவுடைமை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்தார்கள், தம் ஆடையைத் தாமே ஒட்டுப் போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கூலன்ட் அளவைப் பார்ப்பது, ஃப்யூஸை மாற்றுவது, டயரில் காற்றைச் சோதிப்பது, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது ஆகியவற்றை நாமும், நம் மகன்களோடு மகள்களும் கற்றுக்கொள்வதில் இழிவு எதுவும் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

பெரிய நிலையத்துக்குச் சென்றால், எஸ்டிமேட்டின் ஒவ்வொரு வரியையும் கேட்போம். இது ஏன் மாற்றப்படுகிறது, இப்போதே தேவையா, கெட்ட பாகத்தைக் காட்ட முடியுமா என்று வினவுவோம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு ஆகியிருக்கிறது. முன்னர் பலவற்றுக்கு 28 விழுக்காடாக இருந்தது. அக்குறைவு நம் பில்லில் தெரிகிறதா என்று பார்ப்போம். செய்யாத வேலைக்குப் பணம் பெற்றதாகத் தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. அநீதியைக் கண்டும் மௌனமாக இருப்பது பொறுமை ஆகாது.

சிறிய பட்டறைக்குச் சென்றால், முன்பே கூலியைப் பேசி முடிவு செய்வோம். பேசிய கூலியை வேலை முடிந்தவுடன் முழுதாகக் கொடுப்போம். கடன் சொல்ல வேண்டாம். பில் கேட்டு வாங்குவோம்.

ஜமாஅத்துகளும் இதில் கவனம் செலுத்தலாம். கல்யாண மண்டபத்துக்கும் மினாராவுக்கும் நிதி திரட்டும் நாம், நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து பயன்படுத்தும்படி ஒரு நல்ல ஸ்கேனர் கருவி வாங்க வட்டியில்லாக் கடன் கொடுக்கலாமே! பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைகளை ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பில் சேர்த்துவிடலாமே! ஏற்கெனவே பட்டறையில் வேலை செய்வோருக்கு மின்சார வாகனப் பயிற்சிக்கு உதவலாமே! பட்டறைகள் அறிவிலும் கருவியிலும் உயர்ந்தால்தான் பெரிய நிலையங்களின் விலையும் இறங்கும். இரண்டாவது கடை இல்லாத ஊரில் முதல் கடைக்காரர் வைத்ததே விலை.

அன்றிரவு இஷா தொழுகைக்குப் பின் மகனையும் அழைத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குச் சென்றோம். அண்ணன் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். 350 ரூபாயை அவர் கையில் வைத்து, தவறு நம்முடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோம். "பரவாயில்ல பாய், எல்லாரும் குறைப்பாங்கன்னுதான் நாங்களே கொஞ்சம் சேர்த்துச் சொல்லுவோம். உங்ககிட்ட சேர்க்காம சொல்லிட்டேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

அச்சிரிப்பில் நம்மைக் குறை கூறும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் நம் பேரங்கள் நல்ல மனிதர்களையும் பொய் சொல்லப் பழக்குகின்றன என்பதும், அவர் உண்மை விலை சொன்ன நாளில் நாம் அதற்குத் தண்டனை கொடுத்தோம் என்பதும் அவருடைய சொற்களிலேயே இருந்தன.

பெரியோரிடம் நியாயம் கேட்கும் துணிவையும், எளியோருக்கு நியாயம் செய்யும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.